குடையோடு ஓடிவந்த மாயாவி

மல்லாந்து கிடந்த என் நெஞ்சுக்கு நேரே ஒரு வாள் நின்றிருந்தது. பிளைவுட் வாள். அதன் மேல் ஒட்டியிருந்த வெள்ளித் தாள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது.

வாளைப் பிடித்திருந்த பாபு, படத்தின் கதாநாயகன். குனிந்து என் காதருகே கிசுகிசுத்தான்.

"வதினா, கண்ணை மூடிக்கோங்க. குத்தப் போறேன்."

வதினா என்றால் அவன் வீட்டுத் தெலுங்கில் அண்ணி. நான் கண்ணை மூடவில்லை. சூனியக்காரிகள் கண்ணை மூடிக்கொண்டு சாவதில்லை என்று அன்று காலையில்தான் என் கணவர் சொல்லிக் கொடுத்திருந்தார். உயிர் போகிற நொடியிலும் எதிரியைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமாம். சிரித்தேன். அடிவயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பு. கைவிடப்பட்ட அந்தச் செங்கல் சூளையின் சுவர்களில் மோதி, ஏரிக்கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

கூரம் போகிற சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி எங்களைத் தேடி நடந்து வந்துகொண்டிருந்த ஒருவருக்கு, அது சிரிப்பாகக் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் அலறலாகக் கேட்டது.

அவர் என் அப்பா.

"டேய்! வுட்றா எம் பொண்ணை!"

கூட்ஸ் வண்டி கார்டுக்குரிய வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. டியூட்டி முடிந்த கையோடு வந்திருந்தார். கையில் கறுப்புக் குடை. ஆனிக் கடைசிக் காற்றில் சட்டை உப்ப, சூளை மேட்டில் அவர் ஓடி வந்த வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வந்த வேகத்திலேயே குடையை ஓங்கிப் பாபுவின் முதுகில் ஒன்று வைத்தார்.

தினமும் தண்டால் எடுத்து வளர்த்த உடம்பு பாபுவுக்கு. "அம்மா தல்லி!" என்று கத்திக்கொண்டு புழுதியில் குப்புற விழுந்தான்.

என் கணவர் கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்தார். 'கட்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஒரு வரிக்கு மேல் தெரியாது

வாசகி ஒருவர் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார். 'உங்கள் கல்யாணப் பந்தியில் ரசம் தீர்ந்துபோனதைப் போன வாரம் இரண்டு பக்கம் எழுதினீர்கள். மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வரிக்கு மேல் இல்லையே' என்று.

நியாயம்தான். கல்யாணமாகிச் சில மாதங்கள் வரைக்கும் எனக்கே அவரைப் பற்றி ஒரு வரிக்கு மேல் தெரியாது.

பெயர் சம்பத். மாகறல் பக்கத்து விவசாயக் குடும்பம். மாமனார் காலமான பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அம்மாவும் பிள்ளையுமாகச் சின்னக் காஞ்சிபுரத்துக்குக் குடிவந்தவர்கள். முன்னால் வீடியோ கேசட் வாடகைக் கடை, பின்னால் வீடு. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதுவானாலும் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

குடிக்க மாட்டார். கத்த மாட்டார். போட்டதைச் சாப்பிடுவார். குறை சொல்ல ஒன்றுமில்லை. பேசவே மாட்டார் என்பதுதான் குறை.

"சாப்ட்டியா?", "வரேன்", "லைட்டை அணைச்சிடு." இவ்வளவுதான் எங்கள் இல்லற உரையாடல். அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிவியில் ஏதோ ஒரு வெளிநாட்டுப் படம் ஓடிக்கொண்டிருந்தது. காபி டம்ளரை நீட்டினேன். வாங்கிக்கொண்டே சொன்னார்:

"அந்த டிராகன் வாயைப் பாரேன், கயிறு தெரியுது."

நான் அரக்கோணம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். கல்லூரியில் பேச்சுப் போட்டி என்றால் எனக்குப் பயந்தே மற்ற பெண்கள் பெயர் கொடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவளுக்குப் புதுக்குடித்தனத்தில் கிடைத்தது ஒரு டிராகனும் ஒரு கயிறும்.

ஒரு நாள் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டேன். "ஆடிக்கு அப்பாவை அனுப்பி என்னைக் கூட்டினு போங்க. அப்புறம் நான் திரும்பி வர்றேனா இல்லியான்னு பேசிக்கலாம்" என்றேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆள் காத்திருந்ததால் சத்தம் வராமல் அழுதேன். ஆனாலும் அம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

இரண்டாம் பாகத்தின் மகிமை

அவர் பார்த்த படங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எல்லாமே வாளும் மந்திரமும். எல்லாமே இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம், நான்காம் பாகம். முதல் பாகம் மட்டும் கடையில் இருக்காது.

தோல் கச்சை கட்டிய வீரன் ஒருவன். போன பாகத்தில் இருந்தவனுக்கும் இவனுக்கும் முகமே ஒட்டாது. ஆனால் அவன்தான் இவன் என்று நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். ராஜாவின் படை என்பது பத்துப் பேர். மரத்துக்குப் பின்னால் ஓடி, சுற்றிக்கொண்டு மறுபடி முன்னால் வந்து, பெரும்படை ஆகிவிடுவார்கள். செத்து விழுந்த சிப்பாய் மூக்கைச் சொறிவான். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி போகும். முன் பாகத்தில் எடுத்த போரையே இதிலும் ஒட்டியிருப்பார்கள். அந்தப் போரில் மட்டும் வீரனுக்குத் தாடி இருக்கும்.

கடைசியில் சூனியக்காரி கொதிக்கிற கொப்பரையில் விழுவாள். அடுத்த பாகத்தில் தலைவாரிக்கொண்டு எழுந்து வருவாள். எப்படி என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

மத்தியான நேரத்தில் நண்பர்கள் கடையில் கூடிவிடுவார்கள். அதில் முக்கியமானவன் பாபு. பக்கத்துத் தெருவில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். காலையில் தறி, சாயங்காலம் அவனே நடத்திய உடற்பயிற்சிக் கூடம். ஆங்கிலம் ஒருத்தருக்கும் சரியாகத் தெரியாது. டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு பாத்திரமாக இவர்களே தமிழில் பேசுவார்கள். என் கணவருடைய சிரிப்புச் சத்தம் சுவரைத் தாண்டிச் சமையலறைக்கு வரும். என் பொறாமை அங்கேதான் பிறந்தது. இந்த மனுஷனுக்குச் சிரிக்கத் தெரியும், என்னிடம்தான் சிரிக்கவில்லை.

அப்போது ஊருக்குள் கேபிள் டிவி நடத்திய ஒருவர், ஞாயிறு மத்தியானத்தில் போட ஏதாவது புதிதாக வேண்டும் என்று கேட்டிருந்தார். சம்பத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வாளும் மந்திரமுமாக ஒரு படம் எடுத்துவிடுவது என்று முடிவானது. தலைப்பும் முதலிலேயே முடிவானது: 'கரும்புகைக் கோட்டை - பாகம் இரண்டு'.

"முதல் பாகம் எங்கடா?" என்று கேட்டார் அத்தை. என் மாமியாரைச் சொல்கிறேன்.

"இல்லம்மா. முதல் பாகம்னு போட்டா நல்லா இருக்குமான்னு யோசிப்பாங்க. ரெண்டாம் பாகம்னு போட்டா, முதல் பாகம் நல்லா ஓடியிருக்குதுபோலன்னு நெனைச்சிப்பாங்க."

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

'இருளின் புதல்வனே!'

வசனத்தை அவரே எழுதினார். எழுதியதை முற்றத்தில் நடந்துகொண்டே உரக்கப் படித்துப் பார்த்தார். நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"இருளின் புதல்வனே! உன் விதி உன்னை அழைக்கிறது!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்துவிட்டது.

"இன்னா சிரிக்கிறே?"

"ஒண்ணும் இல்லீங்க. விதி கூப்ட்டா அவன் இன்னா சொல்லுவான்? 'தோ, செருப்பு மாட்டிக்கினு வந்துட்டேன்'னா?"

அவர் என்னையே பார்த்தார். கோபம் என்றுதான் நினைத்தேன். கையிலிருந்த தாள்களை என் முறத்தின் மேல் வைத்தார்.

"நீ எழுதிக் குடேன்."

அன்று அரிசி புடைத்து முடிக்கவில்லை. சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து, அடுப்பில் குழம்பு கொதிக்கக் கொதிக்க எழுதினேன். சாப்பாட்டுக்கு அப்புறம் நானே படித்துக் காட்டினேன். வீரன் கோட்டைக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைகிறான். சூனியக்காரி சிம்மாசனத்தில் இருக்கிறாள்.

"டேய் வீரா, செருப்போடவே உள்ள வந்துட்டியே, உங்க வூட்ல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"சண்டாளி! உன் தலையை எடுக்காமல் போக மாட்டேன்!"

"எடுத்துக்கினு போய் எங்கடா வெப்பே? உங்க வூட்ல ஒரு பரண்கூட இல்லியாமே!"

சம்பத் கட்டிலிலிருந்து சரிந்து கீழே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட அதே சிரிப்பு, இந்தப் பக்கத்தில், என் எதிரில்.

"இதெல்லாம் எங்க கத்துக்கினே?"

"காலேஜ்ல பேச்சுப் போட்டியில எல்லா வருசமும் பரிசு வாங்கினவ நானு. நீங்க கேக்கவே இல்ல."

சிரிப்பு நின்றுவிட்டது.

"வேற இன்னா இன்னா கேக்காம வுட்டுட்டேன்?" என்றார்.

மறுநாளிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். எந்தக் காய் பிடிக்காது? சின்ன வயதில் எதற்குப் பயம்? ரயில் சத்தம் இல்லாமல் தூக்கம் வருகிறதா? சிலது அசட்டுக் கேள்வி. ஆனாலும் பதிலுக்காகக் காத்திருந்து கேட்டுக்கொள்வார்.

ஆனால் அம்மாவுக்கு மறுபடி போன் செய்து, 'நான் சொன்னதை விட்டுடுங்க' என்று சொல்லவில்லை. சில நாள் மழையை நம்பி யாராவது விதை நெல்லைக் கொட்டுவார்களா?

சூனியக்காரிக்கும் பொட்டு உண்டு

சூனியக்காரியாக நடிக்க ஏழுமலை என்கிற தெருக்கூத்துக் கலைஞரை ஏற்பாடு செய்திருந்தார்கள். பெண் வேஷத்துக்கென்றே பெயர் வாங்கியவர். முதல் நாள் செங்கல் சூளைக்கு வந்தார். நடந்து காட்டினார், புருவத்தைத் தூக்கினார், எல்லோருக்கும் நடுக்கம் வந்துவிட்டது. அதற்குள் ஒரு கிராமத்திலிருந்து பாரதக் கூத்துக்கு ஆள் வந்து கூப்பிட்டது.

"தம்பி, நான் பாஞ்சாலி கட்டலைன்னா அந்த ஊர்ல கூத்தே நடக்காது. மன்னிச்சுக்கோபா" என்று கும்பிட்டார். பெட்டியிலிருந்த பழைய கிரீடம் ஒன்றை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்.

சம்பத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பாபு தன் அக்காவைக் கேட்கிறேன் என்றான். அத்தைதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"வூட்டுல ஒருத்தி இருக்கும்போது வெளிய எதுக்குடா தேடறே? எழுதினவளே பேசட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த அம்மாளுக்கும் எனக்கும் அதுவரை பெரிய நேசம் ஒன்றும் கிடையாது. நான் பருப்பில் பெருங்காயம் கூடப் போடுகிறேன் என்று அவருக்கு வருத்தம். அவர் என் அரிசிக் கணக்கை மேற்பார்வை பார்க்கிறார் என்று எனக்கு வருத்தம்.

"நானா அத்தே? ஊர் இன்னா சொல்லும்?"

"ஊரு பாக்கத்தான்மா படம் எடுக்கறது" என்றார்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். உதட்டுக்குக் கறுப்புச் சாயம் பூசலாம், கண்ணுக்கு மை அப்பலாம், தலைமுடியை விரித்துப் போடலாம். நெற்றியில் குங்குமம் இருந்தே தீர வேண்டும்.

"சூனியக்காரிக்கு எதுக்கும்மா பொட்டு?" என்று சம்பத் கெஞ்சினார்.

"ஏன், அவளுக்குப் புருஷன் இருக்கக் கூடாதா? நீ குத்துக்கல்லு மாதிரி நிக்கும்போது என் மருமக வெறும் நெத்தியோட நிக்கறதா?"

ஆகவே உலகத் திரைப்பட வரலாற்றில் குங்குமப் பொட்டும் தாலிச் சரடுமாக நரபலி கேட்ட சூனியக்காரி நானாகத்தான் இருப்பேன். மேலங்கியாக, பாபு வீட்டுத் தறியில் ஊடை பிசகி விற்க முடியாமல் போன அரக்குப் பட்டுச் சேலை. காற்றில் அது பறந்தபோது நிஜமாகவே ராணி மாதிரி இருந்தது.

குதிரை வேறு. கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற குதிரை அது. மேளம் அடித்தால்தான் அடி எடுத்து வைக்கும். மேளம் அடித்தாலோ நடக்காது, ஆடும். கேமராவுக்குத் தெரியாமல் ஓரமாக ஒருவர் மேளத்தோடு கூடவே ஓடினார். பாபு வாளை உயர்த்தி, "என் தந்தையைக் கொன்றவளே!" என்று கர்ஜிக்கும்போது, குதிரை முன்னங்காலை மாற்றி மாற்றித் தூக்கிக் குலுக்கிக்கொண்டிருந்தது. பாபுவின் தலைப்பாகை அவிழ்ந்து கண்ணை மூடியது.

எழுதி வைக்காத ஒன்று என் வாயில் வந்துவிட்டது.

"ஏண்டா, சண்டைக்கு வந்தியா, மாப்பிள்ளை ஊர்கோலம் வந்தியா?"

மேளக்காரர் மேளத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். குதிரை உடனே நின்றுவிட்டது.

'உங்க பொண்ணு இன்னைக்கிச் சாவணும்'

இப்படியாகத்தான் கடைசிக் காட்சி வரைக்கும் வந்தோம். வாள், சிரிப்பு, குடை.

பாபு புழுதியைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அப்பா இரண்டாவது அடிக்குக் குடையை ஓங்கிய இடத்திலேயே நின்றார். என் கிரீடத்தைப் பார்த்தார், கறுத்த உதட்டைப் பார்த்தார், கடைசியில் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது என்று பின்னால் அம்மாவிடம் சொன்னாராம்.

"இன்னாமா இது வேஷம்?"

நான் பதில் சொல்வதற்குள், பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு அத்தை வந்துவிட்டார்.

"வாங்க சம்பந்தி. நெழல்ல உக்காருங்க, டீ சாப்டுங்க. உங்க பொண்ணு இன்னைக்கிச் சாவணும். வெளிச்சம் சரியில்லன்னு கொஞ்சம் லேட்டாவுது."

அப்பா டீயை வாங்கிக்கொண்டார். வேறென்ன செய்வார்? பாபு அவரிடம் வந்து, முதுகைத் தேய்த்துக்கொண்டே, "பரவால்ல மாமா, நல்ல அடி" என்றான்.

ஆனால் அன்று நான் சாகவில்லை. மறுநாள் ஆடி பிறக்கிறது. அதற்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போயாக வேண்டும். சாயங்கால பாசஞ்சருக்கு நேரமாகிவிட்டது. தேங்காய் எண்ணெயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினோம். டிரங்குப் பெட்டியை எடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்வதா, பாதியை விட்டுப் போவதா? யோசிக்க நேரமில்லாமல் கையில் கிடைத்ததை அள்ளிப் போட்டேன்.

ஸ்டேஷனில் சம்பத் பெட்டியை ஏற்றி வைத்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். வண்டி நகர்ந்ததும் கூடவே நடந்தபடி சொன்னார்:

"காது பக்கத்துல இன்னும் கறுப்பு இருக்குது. தொடைச்சிக்கோ."

அப்பா எதிர் இருக்கையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு ஸ்டேஷன் தாண்டியதும் பேச்சை எடுத்தார்.

"போன்ல நீ அழுதேன்னு அம்மா சொன்னா."

"ஆமாம்பா."

"இன்னைக்கி நீ சிரிச்சியே, அந்த மாதிரி நம்ம வூட்லகூட நீ சிரிச்சது இல்ல. எதும்மா நெசம்?"

"ரெண்டும் நெசம்தான்பா."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "சரி. அவசரம் ஒண்ணும் இல்ல. ஆடி முழுசா இருக்குது" என்றார்.

மொபெட்டில் வந்த படம்

அம்மா வீட்டுச் சுகத்தில் முதல் சில நாட்கள் நன்றாகத்தான் போயின. எழுந்தால் காபி, உட்கார்ந்தால் தட்டு. அப்புறம் ஒரு குறை தெரிய ஆரம்பித்தது. இன்றைக்கு என்ன கேள்வி கேட்டிருப்பார் என்று சாயங்கால வேளையில் தோன்றும். தோன்றியதும் என் மேலேயே கோபம் வரும்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுப் போனுக்கு அத்தை பேசினார். பூத்திலிருந்து கத்திப் பேசினார்.

"வசந்தி! படம் போட்டாங்கமா! தெருவே நம்ம வூட்லதான். வெத்தலை பாக்குக் கடைக்காரன்கூட 'செருப்போட வந்துட்டியே'ங்கறான். ஆனா ஒண்ணு, உன்னைவிட உங்க அப்பாவைத்தான் எல்லாரும் கேக்கறாங்க!"

எனக்குப் புரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புரிந்தது.

உச்சி வெயிலில் குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. பின்னால் போர்வையில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய வீடியோ டெக். முன்னால் சம்பத், முகமெல்லாம் புழுதி. ஆடி மாதத்தில் மாப்பிள்ளை வந்து நிற்பதைப் பார்த்து எதிர் வரிசைப் பெண்கள் கதவை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டார்கள்.

"நான் உள்ள வரலீங்க அத்தே. ஆடி. கேசட்டைக் குடுத்துட்டுப் போயிடறேன்" என்றார் என் அம்மாவிடம்.

"கேசட்டைக் குடுத்துட்டா? டெக்கை யாரு மாட்றது?" என்றாள் அம்மா.

உள்ளே வந்து மாட்டினார். மாட்டிவிட்டு, வராந்தாவில் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்துகொண்டார். டிவியை வாசல் பக்கம் திருப்பி வைத்தோம். அந்த வரிசை முழுக்க வந்துவிட்டது. அப்பா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார்.

குதிரை ஆடியபோது பிள்ளைகளும் கூட ஆடினார்கள். பரண் வசனத்துக்கு ஒரு டிரைவரின் மனைவி தன் கணவரின் தோளில் அடித்து, "நம்ம வூட்டையே சொல்றா பாருங்க" என்றாள். நான் அடுக்களைக் கதவில் சாய்ந்துகொண்டு, என் குரலை நானே அந்நியமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசிக் காட்சி. வாள். சிரிப்பு. திரையின் ஓரத்திலிருந்து வெள்ளை உடையில், காற்றில் சட்டை உப்ப, கறுப்புக் குடையோடு ஓடி வருகிறார் என் அப்பா. அதை மெதுவாக ஓட விட்டிருந்தார் சம்பத். ஒரு முறை அல்ல, திரும்பத் திரும்ப. குடை இறங்கியபோது இடி இடித்தது. பாபுவின் வாய் "அம்மா தல்லி" என்று அசைய, பின்னணியில் கம்பீரமான வேறொரு குரல் முழங்கியது:

"யார் இந்த வெள்ளுடை மாயாவி? இவன் கையில் இருக்கும் கரிய ஆயுதம் என்ன?"

விசில் பறந்தது. "கார்டு சார்! கார்டு சார்!" என்று பிள்ளைகள் குதித்தார்கள். அப்பாவின் முகத்தில் ஒரு ரேகை அசையவில்லை. சட்டைக் காலரை மட்டும் சரிசெய்துகொண்டார்.

அதற்கடுத்து, சூளையின் புகைபோக்கியிலிருந்து கரும்புகை. தரையில் ஏழுமலையின் கிரீடம் தனியாக உருண்டு வந்து நின்றது. 'அழிந்தாள் கரும்புகை ராணி!' என்றது குரல். முடிந்தது.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அப்பா மெதுவாக வராந்தாப் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே."

சம்பத் எழுந்து நின்றுவிட்டார். "சொல்லுங்க மாமா."

"நான்தான் வந்து காப்பாத்திட்டேனே. அப்புறம் எப்படி அவ செத்தா?"

"நீங்க கூட்டினு போயிட்டீங்களே மாமா. அவங்க இல்லாம இன்னா எடுக்கறது? டயரைக் கொளுத்திப் புகையும், கிரீடம் விழறதும் மட்டும்தான் எடுக்க முடிஞ்சுது."

அப்பா அதை யோசித்தார். சிவப்பு விளக்குக்கு வண்டி நிற்கும்போது யோசிப்பாரே, அந்த மாதிரி.

"அப்போ அவ செத்ததை யாரும் பாக்கல."

"இல்ல மாமா."

"அப்போ உயிரோடதான் இருக்கா."

"இருப்பாங்க மாமா."

"அடுத்த பாகத்துக்கு வருவாளா?"

வரிசை முழுக்க அவரைப் பார்த்தது. சம்பத் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். காது மடல் சிவந்திருந்தது.

"அது அவங்க இஷ்டம் மாமா."

இப்போது எல்லாத் தலைகளும் அடுக்களைப் பக்கம் திரும்பின. பேச்சுப் போட்டி மேடையில்கூட எனக்கு அப்படி நாக்கு ஒட்டிக்கொண்டதில்லை. ஒரு முழுங்குத் தண்ணீர் குடித்தேன்.

"ஆவணி பொறந்ததும் வருவா" என்றேன்.

"அதுவரைக்கும் இன்னா பண்ணுவா?" என்று எதிர் வீட்டுக்காரி விடாமல் கேட்டாள்.

"அம்மா கையால சாப்டுவா."

வராந்தா அதிர்ந்தது. சம்பத் சிரித்ததைப் பிள்ளைகளின் கூச்சலில் கேட்க முடியவில்லை. பார்க்கத்தான் முடிந்தது.

பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட்டார். ஆடியில் தங்கக் கூடாது என்று அவரும் சொன்னார், அம்மாவும் சொன்னாள், இரண்டு பேருமே அரை மனதாகச் சொன்னார்கள். டெக்கைக் கட்டுவதற்கு நான்தான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தேன். அப்பா லெவல் கிராசிங் வரைக்கும் கூடவே நடந்துபோய் வழியனுப்பிவிட்டு வந்தார். செருப்பைக் கழற்றும்போது அம்மாவிடம் சொன்னது எனக்கு உள்ளே கேட்டது.

"நல்ல மனுஷன்தான். படம் எடுக்கத்தான் வரல."